புகைக்குப் பின் முப்பது நிமிடம்

ஆராய்ச்சியாளன் எர்வான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜையை நோக்கி வந்தபோது நஸீரா முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் மேஜை, எச்சில் தட்டுகள் போகும் ஓடுபட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே உட்காரச் சொல்லி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்குகிற துப்புரவுக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் உட்காருவோம். ஆய்வகத்தின் நீல அட்டைக்காரர்களுக்கு ஜன்னல் பக்கம், பனி படிந்த மலை தெரிகிற இடம். நான்கு வருடத்தில் ஒரு நீல அட்டை தட்டோடு எங்கள் பக்கம் வந்தது அன்றுதான்.

"உக்காரலாமா?"

"எங்க அப்பன் வீட்டு மேஜையா இது? உக்காருங்க," என்றாள் நஸீரா.

உட்கார்ந்தான். உருளைக்கிழங்கின் மேலிருந்த பாலாடைக்கட்டியைக் கரண்டியால் ஒதுக்கினான். சாப்பிட வந்த முகமில்லை அது. "மார்சியால், எப்படி இருக்கீங்க? இருமல்லாம் பரவாயில்லையா?"

என் பெயரை அவன் இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான் பயன்படுத்தியிருந்தான். என்மேல் போட்ட புகாரில்.

"யாரு இருமல கேக்குறீங்க சார்? என்னதயா, உங்களதயா?"

அவன் கழுத்து சிவந்தது. ஆனாலும் சிரித்தான். "அந்த நோட்டு உங்ககிட்டதான் இருக்கா?"

"எந்த நோட்டு?"

"துப்புரவு நோட்டு. நவம்பர் மாசத்தது."

நஸீரா சிரித்த சிரிப்பில் ஜன்னல் பக்கத்து நீல அட்டைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வகத்தின் நடுவில் கண்ணாடிச் சுவர் போட்ட சுத்த அறை ஒன்று இருக்கிறது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, இரண்டு அடுக்குக் கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பென்சில் கூடாது, அதன் கரி உதிரும். சாதாரணக் காகிதம் கூடாது, அதன் நார் உதிரும். முகப்பூச்சு கூடாது. அங்கே சிலிக்கன் தகடுகளின்மேல் கணினிப் பாகங்களை வரைகிறார்கள். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் பாகங்களுக்குமேல் நிற்குமாம். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தூசு விழுவது, ஒரு தெருவின்மேல் பாறை உருண்டு விழுவதைப் போல. நான் பத்தொன்பது வருடம் மலையடிவாரத்துச் சிமெண்ட் ஆலையில் மூட்டை நிரப்பியவன். இரவில் துப்பினால் சாம்பல் நிறத்தில் வரும். அப்படிப்பட்டவனுக்குத் தூசே இல்லாத அறையைத் துடைக்கும் வேலை கிடைத்தபோது என் நுரையீரல் எனக்கு நன்றி சொன்னது.

உடுப்பு மாற்றும் அறையின் வெளியே இரண்டு ஆரஞ்சு நாற்காலிகள் உண்டு. அவற்றுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். புகை பிடித்தவர்கள் முப்பது நிமிடம் இங்கே உட்கார வேண்டும், ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும், அதன் பிறகுதான் உள்ளே போக வேண்டும். புகை பிடித்தவனின் மூச்சிலிருந்து அரை மணி நேரம் பொடி வந்துகொண்டே இருக்கும். நஸீரா ஒரு சிகரெட் பிடித்தால் அந்த நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி முப்பது நிமிடமும் உட்காருவாள். அந்த அரை மணியை, எங்களை இங்கே வேலைக்கு அனுப்பும் துப்புரவுக் கம்பெனி அவள் மதிய இடைவேளையில் கழித்துக்கொள்ளும். நீல அட்டைக்காரர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாடித் திறந்தவெளியில் மணல் வாளியில் சிகரெட்டைக் குத்திவிட்டு நேராக உள்ளே போவார்கள். ஆரஞ்சு நிறம் இன்னும் மங்காமல் இருக்கிறது.

நவம்பரில் சுத்த அறையின் மூன்றாம் பகுதிச் சுவரில் இருந்த தூசுமானி பழுதுக்குப் போனது. இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய கைத் தூசுமானியை என்னிடம் கொடுத்தார்கள். காற்றில் எத்தனை தூசு என்ற எண்ணை அது காட்டும், அடுத்த நிமிடம் மறந்துவிடும். அதனால் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பக்க எண் அச்சடித்த, நார் உதிராத நீலத்தாள் நோட்டு. எழுத்து எனக்கு நாற்பத்து மூன்றாவது வயதில்தான் கைக்கு வந்தது. என்னைக் கேட்டு எழுதச் சொன்ன முதல் நோட்டு அது. தேதி ஒரு கட்டம், மணி ஒரு கட்டம், எண் ஒரு கட்டம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு அகலமான கட்டம். கட்டம் இருந்தால் எழுதத்தானே இருக்கும்?

பதினான்காம் தேதி, ஒன்பது நாற்பதுக்குத் தூசுமானியில் பன்னிரண்டு. நான் மூலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். எர்வான் வேகமாக உள்ளே வந்தான். மாடியிலிருந்து நேராக வருகிறான் என்பது துணியைத் தாண்டி அடித்த நாற்றத்திலேயே தெரிந்தது. முகமூடியை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, எட்டு மாத வேலை கிடந்த தகட்டுப் பெட்டியைத் திறந்து குனிந்தான். இருமினான். இன்னொரு தடவை இருமினான். பெட்டியை மூடிவிட்டு, என்னைப் பார்த்து, பார்க்காதவனைப் போலப் போய்விட்டான். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு எண்ணூற்று அறுபது. எழுதினேன். அகலக் கட்டத்தில் இதையும் எழுதினேன்: எர்வான் சார் புகை பிடித்துவிட்டுக் காத்திருக்காமல் வந்தார், பெட்டியைத் திறந்து இரண்டு முறை இருமினார்.

மறுவாரம் ஆய்வகத் தலைவி மேடம் வில்மோ என்னைக் கூப்பிட்டாள். தகட்டில் ஒன்பது பாகத்துக்கு ஒன்று செத்துக் கிடந்தது. எர்வான் பக்கத்தில் நின்றான். நான் நோட்டைக் கொடுத்தேன். அவள் எண்களின்மேல் விரலை ஓட்டினாள்.

"பன்னிரண்டு. எண்ணூத்தி அறுபது. ரெண்டும் உங்க கையெழுத்து. ரெண்டு நேரத்திலயும் உள்ள இருந்தது நீங்க."

"பக்கத்துக் கட்டத்தையும் படிங்க மேடம்."

படித்தாள். உதடு கோணியது. "குறிப்பு எழுதச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா? உங்க வேல எண்ணு. எண்ண மட்டும் எழுதுங்க." நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எர்வானிடம், நான் அங்கே இல்லாததைப் போல, "இவர் முன்னாடி சிமெண்ட்ல இருந்தவர் இல்ல? நெஞ்சு நெறைய அதுதான இருக்கும்," என்றாள்.

எர்வான் தரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை நான் அவனுக்கு முழுசாகக் கொடுத்தேன்.

எர்வான் எழுதிக் கொடுத்த புகாரின்பேரில் பத்து நாளில் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. முதல் எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் வேலை இல்லை. எனக்கு ஐம்பத்தொன்பது. ஓய்வூதியத்துக்கு மூன்று வருடம் பாக்கி. சிமெண்ட் நெஞ்சோடு வருகிற கிழவனை இந்த ஊரில் எவன் புதிதாகச் சேர்த்துக்கொள்வான்? அந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். படிக்கத் தெரிந்ததற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அதற்கப்புறம் என் இருமலை நான் விழுங்கப் பழகினேன். சுத்த அறைக்குள் இருமல் வந்தால் கண்ணில் நீர் முட்டும்வரை அடக்கிக்கொண்டு, நான்கு கதவு தாண்டிப் போய்க் கழிப்பறையில் இருமுவேன். எர்வான் மாடியிலிருந்து நேராகத்தான் வந்துகொண்டிருந்தான்.

அவன் செய்கிற ஆராய்ச்சி என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். வெளியாட்கள் வந்தால் கண்ணாடிச் சுவருக்கு முன் நின்று அவன் சொல்லும் பேச்சை, அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாகங்கள் இவ்வளவு சிறிதாகிவிட்டால் பழுதில்லாமல் செய்யவே முடியாது. ஆகவே பழுதோடு வாழத் தெரிந்த கணினியை வரைய வேண்டும். ஒரே கணக்கைப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று பாகங்களிடம் கொடுக்கும். இரண்டு பேர் சொல்வது ஒன்றாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். செத்தவனைக் கண்டுபிடித்ததும் அவனைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழியைத் தானே போட்டுக்கொள்ளும். "எந்தப் பாகத்தையும் நம்பாத அமைப்பு, ஆனா எந்தப் பாகம் செத்தாலும் நிக்காத அமைப்பு," என்பான். வந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

அவனுடைய சிக்கல் வேறு. எங்கள் அறை அளவுக்கு மேல் சுத்தம். அங்கே செய்த தகடுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கு, உண்மையான அழுக்கில் ஓட்டிக் காட்டினாயா என்று வேறு நாட்டு ஆய்வகத்தில் ஒருவன் கேட்டு எழுதிவிட்டான். ஜனவரியில் வேறு வழியில்லாமல், கழிவு அலமாரியில் கிடந்த நவம்பர்த் தகட்டை எடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பதில் ஒன்று செத்த தகடு ஒரு கணக்குகூடத் தப்பாமல் போட்டது. தாழ்வாரத்திலேயே பாட்டிலைத் திறந்து கொண்டாடினார்கள். தரையில் வழிந்து பிசுபிசுத்த மதுவை மறுநாள் காலையில் நான்தான் துடைத்தேன்.

"கேட்டியா பெருசு," என்றாள் நஸீரா அன்று, வாளியைப் பிழிந்தபடி. "தகட்டுல ஒம்பதுக்கு ஒண்ணு செத்தாலும் பரவாயில்லையாம். நம்மள்ல ஒருத்தன் தும்முனா மட்டும் தபால்."

இப்போது அவன் எங்கள் மேஜையில். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர்கள் வியாழக்கிழமை வருகிறார்களாம். அழுக்கு எப்போது, எவ்வளவு, எப்படிச் சேர்க்கப்பட்டது என்று கேட்பார்களாம்.

"அது திட்டம் போட்டு செஞ்ச சோதனைன்னு கட்டுரையில எழுதியாச்சு," என்றான் எர்வான், குரலைத் தாழ்த்தி. "ஆனா அந்த நேரத்து எண்ணு உங்க நோட்டுல மட்டும்தான் இருக்கு."

"என் நோட்டுலதான் குறிப்பும் இருக்கு."

"அதான்... பக்கத்த கிழிக்க முடியாது, நம்பர் போட்டிருக்கு. புது நோட்டு ஒண்ணு தர்றோம். உங்க கையாலயே நல்லபடியா எடுத்து எழுதிடுங்க. எண்ணு அதே எண்ணு. குறிப்புல மட்டும், 'சோதனைக்காக, எர்வானின் திட்டப்படி, வேண்டுமென்றே'ன்னு. அவ்வளவுதான். மேடம் கம்பெனிக்குப் பேசி எச்சரிக்கைய திரும்ப வாங்கிக்க சொல்லிடுவாங்க."

"எழுதலன்னா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். இரண்டடி போனவன் திரும்பி, "அந்தப் பழைய நோட்டையும் கொண்டாந்துடுங்க," என்றான்.

அவன் போனதும் நஸீரா அவன் ஒரு கரண்டிகூடச் சாப்பிடாமல் போனதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எழுதிக் குடுத்துட்டு போ பெருசு. மூணு வருஷம். அவன் பொய்யி அவன் பேர்லதான போகுது."

"என் கையெழுத்துல போகுது."

"உன் கையெழுத்த யாரு படிக்கப் போறா?"

"நவம்பர்ல நீயும் இதயேதான் சொன்ன. இப்ப பாரு, படிக்க ஆள் வருது."

"பெரிய கவர்னர் கையெழுத்து!" என்றாள். ஆனால் ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் பாதியைப் போட்டாள்.

புதன்கிழமை காலை மேடம் வில்மோவின் அறை. மேஜைமேல் ஒரு புது நீலத்தாள் நோட்டு, ஒரு பேனா, பக்கத்தில் ஒரு கடிதம். என் பெயர் மேலே இருந்தது. எச்சரிக்கையைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம். கீழே கையெழுத்து இடம் காலி. நான் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை அவள் பொறுக்கவில்லை.

"வாசிச்சது போதும், எழுதுங்க. எர்வான் சொல்லுவாரு."

"நான் பாக்காதத எழுத மாட்டேன் மேடம்."

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன். பாத்தத எழுதிட்டேன். வேணும்னே செஞ்சத நான் பாக்கல."

"மார்சியால்," என்றான் எர்வான், "வெறும் ஒரு வார்த்த."

"ஒரே ஒரு வார்த்த, 'இல்ல'ன்னு, நவம்பர்ல நீங்களும் சொல்லியிருக்கலாம் சார். அன்னிக்கு இந்த அறைலதான் நின்னீங்க, இதே எடத்துல."

மேடம் கடிதத்தைத் தன் பக்கம் இரண்டு விரல் அளவுக்கு இழுத்துக்கொண்டாள். "உங்களுக்கு இத தவிர வேற வேல கெடைக்கும்னு நெனைக்கிறீங்களா?"

"கெடைக்காது."

"அப்புறம் என்ன வேணும்?"

என்ன வேண்டும் என்று எனக்கே அதுவரை தெரியவில்லை. மன்னிப்பு கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டால் என்ன செய்வதென்றும் தெரிந்திருக்காது. வாய்க்கு வந்தது இதுதான்:

"நீங்கதான சொன்னீங்க மேடம், எண்ணுதான் என் வேலன்னு. சரி. அவரு வேணும்னே செய்யட்டும். என் கண்ணு முன்னால செய்யட்டும். மாடிக்கு போயி பிடிச்சுட்டு, நாற்காலில உக்காராம, நேரா உள்ள வந்து, பெட்டிய தொறந்து இருமட்டும். நான் தூசுமானிய பாத்து எழுதுறேன். 'வேண்டுமென்றே'ன்னும் எழுதுறேன். அப்ப அது பொய்யில்ல."

மேடம் வில்மோ சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இது என்ன கூத்தா?" என்றான் எர்வான்.

"சோதனன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. சோதனன்னா திரும்ப செஞ்சு காட்ட முடியணும் இல்ல? கண்ணாடிகிட்ட நின்னு நீங்களே எத்தன தடவ சொல்லியிருக்கீங்க."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக நான் அங்கே இருந்தேன். துடைப்பத்தைத் தூக்கி அடிக்க ஓங்குகிற ஒருவனைப் பார்க்கிற பார்வை. எனக்கு அது போதுமானதாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு.

"அஞ்சு நிமிஷ வேல," என்றாள் மேடம் அவனிடம். "செஞ்சு தொலைச்சுடுங்க. காலித் தகடு ஒண்ணு வெச்சுக்கங்க."

மாடியில் அவன் சிகரெட் பிடிப்பதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பாதியில் மணல் வாளியில் குத்தப் போனான். "முழுசும் சார்," என்றேன். "அன்னிக்கு முழுசும் பிடிச்சிருந்தீங்க." பிடித்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் என்னைத் திட்டுவது தெரிந்தது. கீழே வந்தபோது நஸீரா ஆரஞ்சு நாற்காலி ஒன்றில், கையில் தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். இன்னும் பதினெட்டு நிமிடம் பாக்கி என்றாள், யாரும் கேட்காமலே. அவன் அவள் காலைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான்.

மூன்றாம் பகுதி. கைத் தூசுமானியை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒன்பது என்று காட்டியது. புது நோட்டில் எழுதினேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேடம் வில்மோ, கையில் கடிதத்தோடு. எர்வான் முகமூடியை மூக்குக்குக் கீழே இழுத்தான். காலித் தகட்டுப் பெட்டியைத் திறந்தான். குனிந்தான். இருமல் வரவில்லை. தொண்டையைச் செருமினான். பொய் இருமல், நாடகத்தில் வருவதைப் போல. தூசுமானி நாற்பதுக்குப் போய் நின்றது.

"இன்னும் சார்."

அப்போதுதான் உண்மையான இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்த முடியாமல் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான். கண்ணில் நீர் வழிந்தது. எனக்குத் தெரிந்த இருமல் அது. அடி நெஞ்சிலிருந்து வருவது. என் நெஞ்சிலும் அது கிளம்பியது. விழுங்கினேன். எண் ஏறியது. முன்னூறு. அறுநூறு. எண்ணூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொன்றாக எழுதினேன். அகலக் கட்டத்தில், அவன் சொல்லச் சொல்ல அல்ல, நானே எழுதினேன்: எர்வான் சார் புகை பிடித்துவிட்டுக் காத்திருக்காமல் வந்தார், வேண்டுமென்றே இருமினார்.

வரியின் தொடக்கத்தில் தேதிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"நவம்பர் பதினாலு," என்றான் எர்வான், மூச்சு வாங்க.

நான் பேனாவைக் கட்டத்தின்மேல் கொண்டுபோனேன். இன்று பிப்ரவரி ஏழு; நவம்பர் என்று எழுதினால் இதுவும் பொய். வெளியே மேடம் வில்மோ கடிதத்தைக் கண்ணாடியில் வைத்துத் தட்டினாள், சீக்கிரம் என்பதைப் போல. கையெழுத்து இடம் இங்கிருந்தே காலியாகத் தெரிந்தது.

"பதினாலு," என்றான் மறுபடியும். அந்த ஒரு சொல்லுக்கே தூசுமானி எழுபது எண் எகிறியது. அதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டான்.

இத்தனை நாள் நான் செய்ததைப் போல இருமலையும் மூச்சையும் அடக்கிக்கொண்டு என் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். பேனாவை நான் இறக்கவில்லை. எண் இறங்கத் தொடங்கியது. எழுநூறு. ஐந்நூற்று இருபது. முன்னூற்று எண்பது. அவன் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. இருநூற்றுப் பத்து.